ஆனைகொன்றான் முதல் நிர்பீக் வரை: கைத்துப்பாக்கிகளின் பெயர் வரலாறு

1990-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் பருமனும் எடையும் மிக்க ரிவால்வர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இட்ட பெயர் அனகோண்டா. தென்னமெரிக்கச் சதுப்பு நிலங்களில் வாழும் பெரும்பாம்பின் பெயர் அது என்பதை நாம் அறிவோம். ஆனால் அச்சொல்லின் பிறப்பிடம் தென்னமெரிக்கா அன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய இயற்கையறிஞர் ஜான் ரே அதனை இலங்கைப் பாம்பொன்றின் பெயராகவே குறித்து வைத்தார். தமிழின் 'ஆனைகொன்றான்' என்பதே அவ்வாறு திரிந்திருக்கலாம் என்று ஹென்றி யூல் கருதினார். சிங்களத்தின் 'ஹெனகந்தயா' என்னும் சொல்லே மூலம் என்பாரும் உளர். எவ்வாறாயினும், நம் கடற்பகுதியில் பிறந்த சொல்லொன்று கப்பலேறி, பாம்பு மாறி, இறுதியில் ஓர் ஆயுதத்தின் குழலில் பொறிக்கப்பட்டது.

இச்செய்தி நம் குழுவினரின் மாலைப் பேச்சொன்றில் எழுந்தபோது, உடன் ஒரு கேள்வியும் எழுந்தது. கைத்துப்பாக்கி செய்வோர் அதற்குப் பெயரை எவ்வாறு தேர்ந்தெடுக்கின்றனர்? சிலவற்றுக்குப் பாம்பின் பெயர், சிலவற்றுக்கு ஆண்டு, சிலவற்றுக்கு எவருக்கும் பொருள் விளங்காத எண். இதில் ஒழுங்கு ஏதேனும் உண்டா? தேடிப் படித்தபோது ஓர் ஒழுங்கு தென்படவே செய்தது. அரசின் படைக்கலச் சாலைக்குச் செல்லும் துப்பாக்கி பெரும்பாலும் எண் பெறுகிறது; கடையில் தனி மனிதன் விலை கொடுத்து வாங்க வேண்டிய துப்பாக்கி பெயர் பெறுகிறது. கட்டளையால் சுமப்பவனுக்குப் பெயர் தேவையில்லை. விரும்பி வாங்குபவனுக்குத் தேவை. அந்தப் பெயரைக் கூர்ந்து நோக்கின், வாங்குபவனின் அச்சமும் ஆசையும் அதில் தெரியும். இவ்வொழுங்கு எவ்வாறு உருவாயிற்று, எங்கெல்லாம் மீறப்பட்டது என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

காண்டீபம் வேறு, மாதிரிப் பெயர் வேறு

ஆயுதத்துக்குப் பெயரிடுவது நமக்குப் புதிதன்று. அருச்சுனனின் வில் காண்டீபம். இராமனின் வில் கோதண்டம். திருமாலின் வில் சாரங்கம். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு வில்லின் பெயர். காண்டீபம் இரண்டு இருக்க இயலாது. ஆலையில் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படும் பொருளுக்கு இடும் பெயர் வேறு வகையானது. ஒரு பொருளை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் வேலை அதற்கு இல்லை. ஓர் இனத்தைப் பிற இனங்களிலிருந்து பிரித்துக் காட்டும் வேலை மட்டுமே உண்டு. எனவே மாதிரிப் பெயர் என்னும் வழக்கமே இயந்திரத் தொழிலின் குழந்தை எனலாம்.

அந்தத் தொழிலைக் கைத்துப்பாக்கித் துறையில் நிலைநிறுத்தியவருள் முதன்மையானவர் சாமுவேல் கோல்ட். சுழலும் உருளையில் பல குண்டுகளை நிரப்பிச் சுடும் அமைப்புக்கு 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, நியூ செர்சியிலுள்ள பேட்டர்சன் நகரில் ஆலை தொடங்கினார். அந்த முதல் துப்பாக்கிகளை இன்று நகரின் பெயராலேயே 'பேட்டர்சன்' என்கிறோம். அந்த முயற்சி சில ஆண்டுகளிலேயே நொடித்துப் போயிற்று.

அவரை மீட்டது ஒரு போர். 1846-இல் அமெரிக்காவும் மெக்சிகோவும் மோதின. டெக்சாஸ் குதிரைப்படை வீரராக இருந்து அரசுப் படையில் சேர்ந்த சாமுவேல் வாக்கர் என்னும் படைத்தலைவர், கோல்ட்டின் துப்பாக்கியில் செய்ய வேண்டிய திருத்தங்களை எடுத்துரைத்தார். அரசு ஆயிரம் துப்பாக்கிகளுக்கு ஆணையிட்டது. 1847-இல் வெளிவந்த அத்துப்பாக்கி ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ளது. அது 'வாக்கர்' என்றே வழங்கப்படுகிறது. பெயர் தந்த வாக்கர் அவ்வாண்டு அக்டோபரிலேயே மெக்சிகோவில் நடந்த சண்டையில் உயிர் துறந்தார். இறந்தவர் பெயர் துப்பாக்கியில் நின்றது.

அடுத்து வந்தவை 'டிராகூன்' (1848), 'நேவி' (1851), 'ஆர்மி' (1860). டிராகூன் என்பது குதிரைமேல் சென்று போரிடும் படைப்பிரிவு, நேவி கடற்படை, ஆர்மி தரைப்படை. பெயர்களைக் கேட்போர் இவை அந்தந்தப் படைக்கென்றே செய்யப்பட்டவை என்று எண்ணக்கூடும். உண்மை அவ்வாறில்லை. 'நேவி' துப்பாக்கியை வாங்கியோரில் பெரும்பாலோர் கடலோடு தொடர்பற்றவர்கள். 1843-இல் டெக்சாஸ் கடற்படை மெக்சிகோவின் கப்பல்களோடு பொருத காட்சி அதன் உருளையில் செதுக்கப்பட்டிருந்தது; அப்பெயருக்குப் பொருத்தமாக வாங்குபவன் கையில் இருந்தது அச்சித்திரமே. காலப்போக்கில் இச்சொற்கள் படைகளைக் குறிப்பதை விட்டுவிட்டன. 'நேவி' என்றால் .36 அங்குலக் குழல் விட்டம், 'ஆர்மி' என்றால் .44 அங்குலம் என்று கடைக்காரர்கள் பேசத் தொடங்கினர். பெயர் அளவாக மாறிய விந்தை இது. படையின் மதிப்பைக் கடன்வாங்கித் தனியாருக்கு விற்கும் உத்திக்கும் இதுவே தொடக்கம்.

அமைதியின் பெயரால்

1873-இல் அமெரிக்கத் தரைப்படை கோல்ட்டின் புதிய ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. படைக்கு உரிய அதன் பெயர் 'சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி'. சுத்தியலை ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் பின்னிழுத்துச் சுட வேண்டிய, படைக்குரிய துப்பாக்கி என்பதே அதன் பொருள். பொறியாளருக்கு ஏற்ற பெயர். ஆனால் உலகம் அறிந்த பெயர் வேறு: 'பீஸ்மேக்கர்', அதாவது அமைதி நிறுவுவோன். இப்பெயரைச் சூட்டியது கோல்ட் ஆலையன்று. சின்சினாட்டி நகரில் கோல்ட்டின் துப்பாக்கிகளை மொத்தமாக வாங்கி விற்ற கிட்ரிட்ஜ் என்னும் வணிகர் எனப்படுகிறது. 1877-இல் வந்த இரு வகைகளுக்கு 'லைட்னிங்' (மின்னல்), 'தண்டரர்' (இடிமுழக்குவோன்) என்ற பெயர்களும் அவர் வழியே வந்தவை. செய்தவனுக்குத் தோன்றாத பெயர் விற்றவனுக்குத் தோன்றியது என்பது நம் கருத்துக்கு வலுச் சேர்க்கும் செய்தி. வாடிக்கையாளரின் முகத்தை நாள்தோறும் பார்ப்பவர் வணிகரே அல்லவா?

'பீஸ்மேக்கர்' என்னும் பெயருக்கு அமெரிக்காவில் முன்வரலாறும் உண்டு. 1844 பிப்ரவரி 28 அன்று பிரின்ஸ்டன் என்னும் போர்க்கப்பலில் விருந்தினர் முன்னிலையில் சுட்டுக் காட்டப்பட்ட பெரும் பீரங்கி வெடித்துச் சிதறி, வெளியுறவுச் செயலர், கடற்படைச் செயலர் உள்ளிட்டோரைக் கொன்றது. அப்பீரங்கியின் பெயரும் பீஸ்மேக்கரே. முப்பது ஆண்டுகளுக்குள் அதே பெயர் மீண்டும் விலைபோனது.

ஐரோப்பாவிலும் இதே எண்ணம் இலத்தீன் உடையில் வந்தது. பெர்லினிலிருந்த டி.டபிள்யூ.எம். என்னும் படைக்கல நிறுவனம், சியார்ச் லூகர் வடிவமைத்த தானியங்கிக் கைத்துப்பாக்கியை 'பாரபெல்லம்' என்று விற்றது. அமைதியை விரும்புவோன் போருக்கு ஆயத்தமாகட்டும் என்னும் பொருளுடைய பழைய இலத்தீன் முதுமொழியின் பிற்பாதியிலிருந்து எடுக்கப்பட்டது அச்சொல். கவனிக்க வேண்டியது யாதெனில், முதுமொழியின் முற்பாதியில்தான் அமைதி இருக்கிறது. பெயராக எடுக்கப்பட்டது போருக்கு ஆயத்தமாகு என்னும் பகுதி.

இந்த ஒரு துப்பாக்கியின் பெயர்களை அடுக்கிப் பார்த்தாலே நாம் மேலே சொன்ன ஒழுங்கு முழுமையாக விளங்கும். செய்த நிறுவனத்துக்கு அது பாரபெல்லம். 1908-இல் அதனை ஏற்ற செருமானியப் படைக்கு அது வெறும் 'பிஸ்டோல 08'. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். அமெரிக்காவில் இறக்குமதி செய்து விற்றோருக்கு அது 'லூகர்'. அயல்நாட்டுப் பொறியாளரின் பெயரே அங்கு விற்பனைச் சின்னமாயிற்று. பொருள் ஒன்று, நிறுவனத்துக்கு ஒரு முழக்கம், அரசுக்கு ஓர் எண், கடைக்கு ஓர் ஆளின் பெயர்.

ஆண்டுகளும் நாட்காட்டிகளும்

படைகள் ஆண்டை விரும்பியதற்குக் காரணம் எளிது. கிடங்கில் பல தலைமுறைத் துப்பாக்கிகள் இருக்கும். எந்தத் துப்பாக்கிக்கு எந்த உதிரிப்பாகம், எந்தத் தோட்டா என்பது பதிவேட்டில் குழப்பமின்றி இருக்க வேண்டும். ஏற்பளித்த ஆண்டே மிக எளிய அடையாளம். அமெரிக்கப் படை 1911 மார்ச்சில் ஏற்ற கோல்ட் துப்பாக்கி 'எம் 1911'. சோவியத்தின் 'டி.டி. 33' இல் முதல் எழுத்து தூலா நகர ஆலையையும், இரண்டாவது வடிவமைத்த தோக்கரேவையும், எண் 1933-ஐயும் குறிக்கும். செக் நாட்டின் 'சி.இசட். 75' 1975-இன் வடிவம்.

ஆனால் ஆண்டு என்பது எல்லோருக்கும் ஒன்றா? கல்வெட்டில் 'யாண்டு' என்று கண்டால் எந்த மன்னனுடைய ஆட்சியாண்டு என்று கேட்கப் பழகியவர்கள் நாம். அதே கேள்வியைச் சப்பானியத் துப்பாக்கிகளிடமும் கேட்க வேண்டியுள்ளது. சப்பானியப் படையின் மூன்று கைத்துப்பாக்கிகள்: வகை 26, வகை 14, வகை 94. எண் வரிசையைக் கொண்டு 14 முந்தியது என்று எவரேனும் எழுதினால் பிழையாகும். வகை 26 என்பது மெய்சி மன்னரின் 26-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1893. வகை 14 என்பது தைசோ மன்னரின் 14-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1925. அதன்பின் அந்நாட்டுப் படை ஆட்சியாண்டை விடுத்து, முதல் பேரரசர் அரியணை ஏறியதாகக் கூறப்படும் காலத்திலிருந்து எண்ணும் பேரரசு ஆண்டுக்கு மாறியது. அக்கணக்கில் 2594-ஆம் ஆண்டே வகை 94. நமக்கு அது 1934. ஓர் அரசு தன்னை எக்காலத்திலிருந்து எண்ணிக்கொள்ள விரும்புகிறது என்பது ஒரு துப்பாக்கியின் எண்ணில் பதிந்திருக்கிறது.

அதே 1934-ஐத் தாங்கிய மற்றொரு துப்பாக்கியை இந்தியர் எவரும் மறத்தல் இயலாது. இத்தாலியின் பெரெட்டா ஆலையில் செய்யப்பட்ட 'மாதிரி 1934' அது. 1948 சனவரி 30 அன்று தில்லியில் காந்தியடிகளின் உயிரைப் பறித்தது அவ்வகைத் துப்பாக்கியே. இத்தாலியப் படைக்கென வடிவமைக்கப்பட்டு, படைப் பதிவேட்டுக்குரிய எண்ணொன்றைத் தவிர வேறு பெயரில்லாத பொருள். எந்தப் பதிவேட்டிலிருந்து எந்தக் கைக்குப் போகும் என்பதை எண் சொல்வதில்லை.

எண்களுக்கிடையே போலந்துக்காரர் ஓர் இனிய சொல்விளையாட்டை நிகழ்த்தினர். 1935-இல் ஏற்கப்பட்ட ராடோம் ஆலைத் துப்பாக்கிக்கு, வடிவமைத்த வில்னியெவ்சிச், ஸ்கிர்சிப்பின்ஸ்கி என்னும் இருவரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'விஸ்' என்று பெயரிட்டனர். பின்னர் முதலெழுத்தைச் சிறிதே மாற்றியதும் அது 'ஆற்றல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லாகிவிட்டது.

பெயர் களவு

பெயருக்கு விலை உண்டென்றால் திருட்டும் உண்டு. பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் என்னும் துப்பாக்கித் தொழிலர் இருந்தார். சட்டைப் பையில் அடங்கும் அவருடைய சிறு துப்பாக்கிகள் பெரும்புகழ் பெற்றன. பிறர் அவற்றைப் போலச் செய்து அவர் பெயரையே பொறித்து விற்றனர். சான் பிரான்சிஸ்கோ வணிகர் ஒருவர்மீது அவர் தொடுத்த வழக்கில் கலிபோர்னிய உயர்நிலை நீதிமன்றம் 1865-இல் அவருடைய பெயருரிமையை ஏற்றது. ஆயினும் வழக்கை வென்ற அவரால் மொழியை வெல்ல முடியவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 14 அன்று ஆபிரகாம் லிங்கனைச் சுடப் பயன்பட்டது அவருடைய ஆலைத் துப்பாக்கி. செய்தித்தாள்களும் போலி செய்வோரும் அவர் பெயரில் ஒரு ரகர எழுத்தைக் கூட்டி எழுத, அந்தப் பிழையான எழுத்தே நிலைத்து, சிறு கைத்துப்பாக்கி அனைத்துக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. இன்றைய அகராதிகளில் அவர் பெயர் பிழையோடுதான் வாழ்கிறது.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் வெப்லி நிறுவனம் 1872-இல் வெளியிட்ட 'பிரிட்டிஷ் புல்டாக்' என்பதற்கும் இதே விதி. குட்டையான குழல், பருத்த உடல். எனவே நாயின் பெயர். உருவத்துக்குப் பொருந்திய இப்பெயரைப் பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் பலர் எடுத்தாண்டனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு 1881 சூலையில் சுடப்பட்டது ஒரு புல்டாக் துப்பாக்கியால்.

பொறியாளரின் பெயர் பொதுச்சொல்லானதற்கு மற்றொரு சான்று 'பிரௌனிங்'. அமெரிக்காவின் யூட்டா பகுதியில் பிறந்த சான் மோசஸ் பிரௌனிங், தம் வடிவங்களைப் பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலைக்கு அளித்தார். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் பிரௌனிங் என்றாலே கைத்துப்பாக்கி என்று பொருள்படும் அளவுக்கு அது பரவியது. நம் வரலாற்றிலும் அப்பெயர் உண்டு. 1911 சூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்டது பிரௌனிங் துப்பாக்கியால் என்பதே பதிவு. மூன்றாண்டுகள் கழித்துச் சாராயெவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும் எஃப்.என். ஆலையின் 1910-ஆம் ஆண்டு மாதிரியே.

காவலர் பெயரும் பாம்பின் பெயரும்

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்கள் பெருகின. துப்பாக்கி வாங்குபவனின் கற்பனை எல்லைப்புறத்திலிருந்து நகரத் தெருவுக்கு இடம்பெயர்ந்தது; பெயர்களும் உடன் பெயர்ந்தன. கோல்ட் 1905-இல் 'போலீஸ் பாசிட்டிவ்', 1927-இல் 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' என்று பெயரிட்டது. செருமனியின் வால்தர் 1929-இல் வெளியிட்ட 'பி.பி.' என்பதன் விரிவே காவல்துறைத் துப்பாக்கி என்பதாகும். அதன் சிறிய வடிவமான 'பி.பி.கே.' இல் உள்ள கடைசி எழுத்துக்குக் 'குட்டை' என்று சிலரும், 'குற்றப் புலனாய்வு' என்று சிலரும் உரை சொல்வர். நம் உரையாசிரியர்களிடையே நிகழும் பாடபேதச் சண்டையை இது நினைவூட்டுகிறது.

ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் ஒருபடி மேலே சென்றது. 1950-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் காவல்துறைத் தலைவர்களின் மாநாடு நடந்தது. தன் புதிய ஐந்து குண்டு ரிவால்வரை அங்கு எடுத்துச் சென்று, பெயர் சூட்டும்படி அவர்களையே வாக்களிக்கச் செய்தது. 'சீப்ஸ் ஸ்பெஷல்' என்று அவர்கள் தம் பதவியையே சூட்டினர். வாங்குபவனையே பெயரிட வைப்பதைவிடச் சிறந்த விற்பனை முறை ஏது? 1852-இல் தொடங்கிய தொழிலின் நூற்றாண்டை ஒட்டி வந்தது 'சென்டென்னியல்'. பெயர்கள் பெருகிப் போகவே, 1957-இல் அந்நிறுவனம் தன் துப்பாக்கிகளுக்கெல்லாம் எண் வழங்கியது. 'சீப்ஸ் ஸ்பெஷல்' மாதிரி 36 ஆயிற்று. 1899 முதல் விற்ற 'மிலிட்டரி அண்டு போலீஸ்' மாதிரி 10 ஆயிற்று. ஆனால் எண்ணுக்கும் காதல் பிறக்கும் என்பதை மாதிரி 29 காட்டியது. 1971-இல் 'டர்ட்டி ஹாரி' திரைப்படத்தில் அதன் நாயகன் ஏந்திய பிறகு, உயிரற்ற அந்த எண்ணே மந்திரமாயிற்று. 2005-இல் புதிய தானியங்கித் துப்பாக்கிக்குப் பெயர் தேடியபோது, நிறுவனம் மீண்டும் 'மிலிட்டரி அண்டு போலீஸ்' என்னும் நூறாண்டுப் பெயரின் முதலெழுத்துகளையே எடுத்தது. அதைப் பொதுமக்கள் பலர் வாங்கினர். 1851-இன் 'நேவி' உத்தி இன்னும் பழையதாகவில்லை.

கோல்ட்டின் பாம்புகளும் இக்காலத்தவையே. 1950-இல் கோப்ரா, 1955-இல் பைத்தான், 1966-இல் டயமண்ட்பேக், 1977-இல் வைப்பர், 1986-இல் கிங் கோப்ரா, 1990-இல் நாம் தொடங்கிய அனகோண்டா. நல்லபாம்பு முன் எச்சரிக்கை செய்து பின் தீண்டும் என்பது உலகறிந்த நம்பிக்கை. பையில் மறைத்து வைக்கும் சிறு துப்பாக்கிக்குக் கோப்ரா என்ற பெயர் பொருந்தியது. உருவம் பெரிதாகப் பெரிதாகப் பாம்பும் பெரிதாயிற்று. மலைப்பாம்புக்கு நஞ்சில்லை என்பதை வாங்கியோர் எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை! இவற்றின் உற்பத்தி நின்று, பின்னர் கோப்ரா 2017-இலும் பைத்தான் 2020-இலும் அனகோண்டா 2021-இலும் மீண்டும் வந்தன. அதே 2021-இல் கோல்ட் நிறுவனத்தை, ஆண்டெண்களால் பெயரிட்டுப் பழகிய செக் நாட்டுச் சி.இசட். குழுமம் விலைக்கு வாங்கியது.

எண்ணே பெயராதல்

படைக்கு எண், சந்தைக்குப் பெயர் என்னும் ஒழுங்கைக் கலைத்தவர் ஆஸ்திரியாவின் காஸ்டன் குளாக். திரைச்சீலைக் கம்பிகளும் கத்திகளும் செய்துவந்த அவர், 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியப் படைக்காக நெகிழி உடல் கொண்ட கைத்துப்பாக்கியை வடிவமைத்தார். அவருடைய 17-ஆவது காப்புரிமை என்பதால் அதற்கு 'குளாக் 17' என்று பெயர். தோட்டாக் கூட்டில் 17 தோட்டாக்கள் அடங்கும் என்பது தற்செயல் என்கின்றனர். அதன்பின் வந்தவற்றுக்கெல்லாம் 18, 19, 20 என்று வரிசை எண்ணே.

வரிசை எண் எளிமையானதுதான். ஆனால் துப்பாக்கி உலகில் எண்ணுக்கு ஏற்கனவே பொருள் உண்டு. .22, .40, .44, .45 என்றால் அவை குழல் விட்டங்கள். ஆகவே குளாக் 22-இல் .22 தோட்டா புகாது, அது.40 தோட்டாவுக்குரியது. குளாக் 40 பத்து மில்லிமீட்டருக்கு உரியது. குளாக் 45 ஒன்பது மில்லிமீட்டர். .22 தோட்டாவுக்கென 2019 இறுதியில் வந்ததன் பெயர் குளாக் 44. புதிதாக வருவோர் தலை சுற்றும். ஆயினும் விற்பனை குறையவில்லை. பாம்பும் அமைதியும் விற்ற சந்தையில், அலங்காரமற்ற எண் 'இது பொறியாளரின் பொருள்' என்னும் எண்ணத்தை விற்றது. எண்ணே முழக்கமான நிலை இது.

பிறரும் எண்ணில் கதை சொல்லத் தொடங்கினர். இசுரேலின் 'செரிக்கோ 941' ஒன்பது மில்லிமீட்டர், .41 அங்குலம் என்னும் இரு தோட்டாக்களுக்கும் மாற்றிக்கொள்ளக் கூடியது. இரண்டையும் ஒட்டினால் 941. சிக் சாவர் 2018-இல் வெளியிட்ட 'பி 365', ஆண்டின் 365 நாளும் உடலோடு வைத்திருக்கலாம் என்பதைச் சொல்கிறது. 1911 என்பது கடந்துபோன ஓர் ஆண்டு. 365 என்பது வாங்குபவனின் ஒவ்வொரு நாளும். அச்சம் நாள்தோறும் உண்டு என்று அந்த எண் அவனிடம் சொல்லாமல் சொல்கிறது.

பெயர் எவ்வளவு விற்கும் என்பதற்குப் பிரேசிலின் டாரஸ் நிறுவனமே சான்று. .45 தோட்டாவையும் .410 சிதறு தோட்டாவையும் சுடும் அதன் ரிவால்வர் முதலில் வெறும் எண்ணால் வழங்கியது. மயாமி நகர நீதிபதிகள் சிலர் தற்காப்புக்காக அதை வாங்குவதாக அறிந்த நிறுவனம் 2006-இல் அதற்கு 'சட்ஜ்' என்று பெயரிட்டது, விற்பனை பெருகியது. அதன் சிறு வடிவத்துக்கு அரசு வழக்குரைஞரைக் குறிக்கும் 'பப்ளிக் டிஃபெண்டர்' என்று பெயர். ஏழைக்காக வாதாடும் வழக்குரைஞர் அவர் என்பது நினைவிற்குரியது. 2011-இல் போட்டியாக ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கொண்டுவந்தது 'கவர்னர்'. நீதிபதி, வழக்குரைஞர், ஆளுநர் என்று அரசின் உறுப்புகளெல்லாம் தனிமனிதனின் இடுப்புக்கு வந்துவிட்டன. நீதிமன்றத்தை நம்ப வேண்டியவன் நீதிபதியை விலைக்கு வாங்கி உறையில் செருகிக்கொள்கிறான் என்று இதனை வாசிக்கவும் இடமுண்டு.

கான்பூரில் ஒரு பெயர்

இந்தியாவிலும் இதே இரு வழக்குகள் உள்ளன. நம் படையினர் நெடுங்காலம் ஏந்திய கைத்துப்பாக்கியின் பெயர் 'பிஸ்டல் ஆட்டோ 9 எம்.எம். 1ஏ'. கிடங்குப் பதிவேட்டின் வரி ஒன்றைப் பெயர்த்து வைத்தாற்போன்ற பெயர். பிரௌனிங்கின் வடிவத்திலிருந்து வந்த அதே துப்பாக்கியைப் பெல்ஜியத்தார் 'பேராற்றல்' என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் விற்றனர். இங்கு அதற்குச் சொல் தேவைப்படவில்லை; வாங்குவதும் அரசு, செய்வதும் அரசு. அதே அரசு ஆலைகள் உரிமம் பெற்ற பொதுமக்களுக்கு விற்கத் துப்பாக்கி செய்தபோது பெயர்கள் தோன்றின. 'அசனி' என்பது இடி; நம் நிகண்டுகளிலும் உள்ள சொல். 2023-இல் வந்தது 'பிரபல்'. வலிமையுடையது என்று பொருள்.

இவற்றிடையே ஒரு பெயர் நம்மை நெடுநேரம் நிறுத்தியது. 2012 டிசம்பர் 16 அன்று தில்லியில் ஓடும் பேருந்தில் ஓர் இளம்பெண் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகி, இரு வாரங்களுக்குள் உயிரிழந்தார். அவர் பெயரை வெளியிடச் சட்டம் இடம் தராததால் செய்தித்தாள்கள் 'நிர்பயா', அஞ்சாதவள், என்று அழைத்தன. 2014 சனவரியில் கான்பூர் அரசு ஆலை பெண்களுக்கென்று ஓர் எடைகுறைந்த ரிவால்வரை அறிமுகம் செய்தது. ஏறத்தாழ 500 கிராம் எடை, .32 குழல், ஆறு தோட்டாக்கள். அதற்கு 'நிர்பீக்' என்று பெயர். அதே பொருளுடைய மற்றொரு சொல். அடர்சிவப்பு நிற நகைப்பெட்டியில் வைத்து விற்கப்பட்டது. விலை 1.2 லட்சம் ரூபாய்க்கு மேல். உரிமம் பெறும் வழக்கமான நடைமுறை அனைத்தும் உண்டு.

பெண்ணுக்கெனப் பெயரிடுவது இது முதன்முறையன்று. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 1902-இலேயே 'லேடிஸ்மித்' என்ற பெயரில் சிறு ரிவால்வர் விற்றது. 1989-இல் அப்பெயரை மீண்டும் எடுத்தது. ஆனால் அது நிறுவனத்தின் பெயரிலுள்ள ஸ்மித்தை வைத்துச் செய்த சொல்விளையாட்டு. நிர்பீக் விளையாட்டன்று. பாதுகாக்கத் தவறிய அரசின் ஆலையே, இறந்த பெண்ணுக்கு உலகம் இட்ட பெயரின் நிழலில் ஒரு பொருளை விலைக்கு வைத்தது. அன்றே துப்பாக்கிப் பரவலை எதிர்ப்போர் அது அப்பெண்ணின் நினைவுக்கு இழுக்கு என்று கண்டித்தனர். பெண்களுக்குத் துணிவூட்டவே அப்பெயர் என்று ஆலையின் பக்கம் கூறப்பட்டது. துணிவூட்டும் எண்ணம் பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் இரவில் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்களில் எத்தனை பேர் 1.2 லட்சம் ரூபாயும் உரிமமும் உடையவர்கள் என்று கேட்காதிருக்க இயலவில்லை. அப்பெண்கள் வேண்டியது பாதுகாப்பான பேருந்து.

வாக்கர் முதல் நிர்பீக் வரை நாம் கண்ட பெயர்களைத் திரும்ப ஒருமுறை அடுக்கிப் பார்க்கிறோம். படை, காவல், நீதி, அமைதி, ஆற்றல், பாம்பு, நாய், இடி, அஞ்சாமை. இவை அனைத்தும் துப்பாக்கியின் பின்புறம் நிற்பவனுக்கு, அதைக் கையில் பிடித்திருப்பவனுக்குச் சொல்லப்பட்டவை. குழலின் முன் நிற்பவனை எண்ணி இடப்பட்ட பெயர் ஒன்றுகூட இல்லை. அவனைப் பற்றிய குறிப்பு வேறு ஏடுகளில்தான் கிடைக்கிறது: மருத்துவமனையில், நீதிமன்றத்தில், சில வேளை நாட்டு வரலாற்றில்.